எந்தக் கட்டம்

வேலையில் செத்தவர்களை எண்ணுவது என் வேலை.
லிங்கன் நகரம், அரசுக் கட்டடம், இரண்டாம் மாடி;
ஜன்னலுக்கு வெளியே நெப்ராஸ்காவின் பனி,
உள்ளே இருமிக்கொண்டே இருக்கும் ஹீட்டர்.

ஒரு சாவுக்கு ஒரு கட்டம்.
சோள லாரியோடு பள்ளத்தில் கவிழ்ந்த மார்வின் ஊல்சன்: வாகனம்.
கல்லாவில் கிடந்த நாற்பத்தொரு டாலருக்காக
இரவுக்கடையில் சுடப்பட்ட ஒடாலிஸ்: வன்முறை.
செகாயே டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார்,
பின்னிருக்கையிலிருந்து கத்தி வந்தது,
டாக்சி போய்ப் பாலத்தில் மோதியது.
அதுவும் வன்முறைதான்.
முதலில் எது தொடங்கியதோ அதை எழுது
என்கிறது கையேடு.

பதினோரு வருடமாக அந்த வரியை வாசிக்கிறேன்.

இன்று வந்த கோப்பு மெலிசு.
ரோலண்ட் டெஸ்கி, நாற்பத்தாறு,
தவணை தவறிய வண்டிகளை இழுத்துப் போகிறவர்.
ஹேஸ்டிங்ஸ் ஊரில், விடிவதற்கு முன் நாலு மணி,
ஒரு பிக்கப்பின் அச்சில் சங்கிலி மாட்டக் குனிந்திருக்கிறார்.
வீட்டுக்காரன் வெறுங்காலோடு பனியில் ஓடிவந்து
ஏறி உட்கார்ந்து பின்னால் எடுத்தான்.
பார்க்கவில்லை என்கிறான்.
விளக்கைப் போட்டு, பார்த்துவிட்டுத்தான் எடுத்தான்
என்கிறாள் எதிர்வீட்டுக்காரி.
இரண்டு வீட்டுக்கும் நாய்த் தகராறு என்று
ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் பென்சிலால் குறித்திருக்கிறார்.

அந்த டரில் வாச்செக்குக்கு
இறைச்சி ஆலையில் அதிகாலை ஷிப்ட்.
முப்பத்தெட்டு மைல். பஸ் கிடையாது.
வண்டி போனால் வேலை போகும்,
வேலை போனால் வண்டி போகும்.
முதலில் எது தொடங்கியது?

டெஸ்கியின் கோட்டுப் பையில் கிடைத்தவை:
மூன்று சாவி, பாதி தின்ற பன்,
அன்றைக்கு இழுக்க வேண்டிய இன்னும் நாலு வண்டிகளின் பட்டியல்.
இழுத்தால்தான் அவருக்கும் காசு, வண்டிக்கு எழுபது டாலர்.
அந்த நாலு பேரும் அன்று காலை
ஒன்றும் தெரியாமல்
வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

மேலாளரிடம் கேட்டேன்.
"நோக்கம் நிரூபணமாகிற வரைக்கும் வாகனம்" என்றார்,
சூப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.
வாகனம் என்று போட்டேன்.
அழித்தேன்.
வன்முறை என்று போட்டேன்.
"உறுதியா?" என்றது திரை.
எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்கும்;
இன்றுதான் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை, ஐந்தரைக்கே இருட்டு.
ஸ்கிரேப்பர் தொலைந்து ஒரு மாதமாயிற்று,
நூலக அட்டையால் கார்க் கண்ணாடியைச் சுரண்டுகிறேன்.
வீட்டுக்குப் பத்தொன்பது மைல்.
வேலை விட்டுப் போகிற வழி வேலையில் சேராது.
வழுக்கினால் நான் என் கணக்கில் வர மாட்டேன்,
வேறு யாரோ, வேறு மாடியில், எண்ணிக்கொள்வார்கள்.

டெஸ்கியின் கோப்பை மூடாமல் வந்துவிட்டேன்.
திங்கள்கிழமை வரைக்கும்
அவர் எதிலும் இல்லை.