வாரம் இரண்டு பென்னி

நார்விச் ஆவணக் காப்பகம்.
ஈரம் குடித்து ஒட்டிப்போன கணக்கேட்டை
எலும்புக் கத்தியால் பக்கம் பக்கமாய்ப் பிரிக்கிறாள் ஹெஸ்பா தர்க்கெட்டில்.
பழுப்பு மையில் ஒரு பெயர்: ஏவிஸ் பெக், கைம்பெண்.
பக்கத்திலேயே
'இம்பொட்டன்ட்'.

சிரிக்காதீர்கள்,
நீங்கள் நினைக்கும் சங்கதி இல்லை.
அந்தக் காலத்தில் அது பெண்ணுக்கும் பொருந்திய சொல்.
வலது கை விளங்காது, பார்வை பாதி,
நூற்கவோ களை பறிக்கவோ முடியாது,
அவ்வளவுதான் பொருள்.
தெம்புள்ள ஏழைக்குச் சாட்டை.
இயலாத ஏழைக்கு
வாரம் இரண்டு பென்னி, பார்லி ரொட்டி.

அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கத்தான்
மூன்று ஞாயிறு தேவாலய வாசலில் நின்றிருக்கிறாள் ஏவிஸ்.
மேற்பார்வையாளர் அவள் விரல்களை
ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்த்திருக்கிறார்.
ஆகாது என்று காட்டுவதற்குள்
எவ்வளவு ஆக வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு ஏட்டில் சொல்லின் மேல் ஒரு கோடு.
ஓரத்தில் வேறொருவர் கையெழுத்து:
'சுள்ளிக் கட்டுடன் காணப்பட்டாள்.'
அப்புறம் ஏவிஸ் இல்லை.
கணக்கில் இல்லை என்கிறேன்.

திரும்பும் பேருந்தில் ரேடியோ.
வென்சம் ஆறு மூன்றாம் முறையாக வீட்டுக்குள் வந்த ஒருவர்
நகராட்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.
செய்தி வாசிப்பவள் அவர் கோபத்துக்கும்
அதே சொல்லை முன்னால் ஒட்டுகிறாள்.
கையாலாகாத கோபம்.
கை. ஹெஸ்பா தன் கையைப் பார்க்கிறாள்,
பழைய மைத்தூள் நகக்கண்ணில்.

வீட்டில் டன்ஸ்டன் உருளைக்கிழங்கு சீவுகிறான்.
ரொட்டி டப்பாவுக்கு அடியில் மருத்துவரின் கடிதம்,
பத்து நாளாய், நான்காய் மடித்து.
அவர் இரண்டெழுத்துச் சுருக்கம்தான் போட்டிருந்தார்,
நாகரிகமான மனிதர்.
பழைய சொல்லைத் தேடி எடுத்துத்
தன் மேல் தானே எறிந்துகொண்டது இவன்தான்.

"அதைச் சொன்னால் ஒரு காலத்தில் ரொட்டி கொடுத்தார்கள்" என்றாள்.
அவன் சீவுவதை நிறுத்தவில்லை.
"வெண்ணெயோடா?"

இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே.
பிறகு சாப்பிட்டார்கள்.
கடிதம் அங்கேயே கிடக்கிறது.

இரவு இரண்டு மணி. அவன் தூங்குகிறான்,
அல்லது தூங்குவதுபோல் மூச்சு விடுகிறான்.
ஹெஸ்பாவுக்கு அந்த ஓரக் குறிப்புதான்.
யார் பார்த்தது? எந்த வேலிக்குப் பின்னால் நின்று?
சுள்ளிக் கட்டை
எந்தக் கையில் பிடித்திருந்தாள் என்று
எவனும் எழுதவில்லையே.