9.10க்குக் கிளம்பி 9.50க்கு

யாகூட்ஸ்க், புறப்பாடு காலை 9.10.
மாஸ்கோ, வருகை காலை 9.50.
டிக்கெட்டை நம்பினால் நாற்பதே நிமிடம்,
பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரம்.
நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை
அதற்குள் மடித்து வைத்தவனுக்கு
சூட்கேஸ் அடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

என் சூட்கேஸில் துணி கொஞ்சம்தான்.
மைனஸ் நாற்பத்தேழில் விறைத்து
விறகுக்கட்டைபோல் மோதி ஒலிக்கும்
மூன்று ஆற்று மீன்கள்.
மேலே செய்தித்தாள்,
அதற்கும் மேலே தம்பி விட்டுப்போன கம்பளிக் கோட்டு.
கவுன்ட்டர்காரி எடை பார்த்து
“மீனா?” என்றாள். “மீன்.”
இந்த விமானத்தின் வயிறு முழுக்க அதுதான்.

குன்னெய்க்கு விடிகாலை மூன்றுக்கே வலி.
“டிக்கெட்டுக் காசு திரும்ப வராது, நீ கிளம்பு”
என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

உறைபனி மூட்டத்தில்
இறக்கையின் நுனி தெரியவில்லை.
மேலே ஏறியதும் இடப்பக்க ஜன்னலில்
ஒரு விடியல் தொடங்கியது.
தொடங்கியபடியே இருந்தது.
நாங்கள் மேற்கே ஓட ஓட
கடன் கொடுத்தவனைப்போல் கூடவே வந்தது.
சாப்பாடு வந்தது, விடியல்.
ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன், விடியல்.
பக்கத்து இருக்கை சுரங்கப் பொறியாளர்
குறுக்கெழுத்தை மூடிவிட்டுத் திரையை இழுத்தார்:
“ஒன்று விடியட்டும், இல்லை இருட்டட்டும்.”

தரை தொட்டதும் போன் துடித்தது.
பெண். மூன்று கிலோ இருநூறு. மதியம் 2.05.
நிமிர்ந்தேன்.
கூடத்துக் கடிகாரத்தில் 9.58.

எர்ச்சிம் செய்தியை இரண்டு தடவை படித்தான்.
“அப்படியானால் இன்னும் பிறக்கவில்லை.”
கிரேன் ஓட்டுகிறான், ஆறு வருடமாய் இங்கே.
“வேலை முடித்து நான் கூப்பிடும்போதெல்லாம்
அங்கே நள்ளிரவு.
எந்த நல்லதும் கெட்டதும்
ஆறிப்போய்தான் எனக்கு வந்து சேரும்.
இன்றைக்கு மட்டும் முந்திக்கொண்டேன் அக்கா.
இரண்டு ஐந்துக்கு வெட்டுவோம் மீனை.”

பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டோம்.
மாஸ்கோவின் மைனஸ் இரண்டை நம்பி.
உப்பு, மிளகு, சாணை பிடித்த கத்தி,
பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இரண்டு தட்டு.
பன்னிரண்டுக்குச் செய்தித்தாள் நனைந்திருந்தது.
ஒன்றுக்குக் கட்டைவிரலால் அழுத்தினான்,
விரல் லேசாய் உள்ளே போனது.
விறைத்த மீன்தான் சுருள் சுருளாய்ச் சீவ வரும்,
இளகினால் வெறும் பச்சை மீன்.

கத்தியோடு கடிகாரத்தைப் பார்த்தான்,
மீனைப் பார்த்தான்.
மீனுக்கு எந்த ஊர் நேரமும் தெரியாது.

போன் திரையில் குன்னெய், அங்கே இரவு ஏழரை நெருங்குகிறது.
மடியில் ஒரு பொட்டலம் கொட்டாவி விட்டது.
“என்ன சத்தம் அங்கே?”
“மீன் சீவுகிறான்.”

1.20.
பிறப்பதற்கு நாற்பத்தைந்து நிமிடம் முன்பே
மாமாவாகிவிட்டான் என் தம்பி,
வாய் நிறைய மீனோடு.