வெள்ளி மாலை, சோதனைப் பிரதியில்

புந்தா அரீனாசில் காற்று நூறைத் தாண்டும் நாள்களில்
சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
இன்றும் கட்டியிருந்தார்கள்.
இரண்டு கையாலும் பற்றி வந்து சேர்ந்தேன்
நகராட்சியின் மூன்றாம் மாடிக்கு.

என் மேசையில் இரண்டு திரை.
இடப்பக்கம் கண்காணிப்பு: வட்டு எழுபத்தெட்டு விழுக்காடு,
இணைப்புகள் பதினாறு, பூட்டுகள் இல்லை,
எல்லாம் பச்சை.
வலப்பக்கம் யெர்கோ அனுப்பிய நாற்பத்தோராவது ஸ்கிரிப்ட்.
வேலை சின்னது.
கல்லறைத் தோட்டத்தில் இருபது வருடமாய் வாடகை கட்டாத
முந்நூற்றுப் பன்னிரண்டு குத்தகைதாரர்களை
நீக்க வேண்டும்.
திங்கள் காலை மேயருக்குச் சுத்தமான பட்டியல் வேண்டுமாம்.

செவ்வாயன்று கல்யாணம் செய்யாதே, கப்பல் ஏறாதே என்பார்கள் எங்கள் ஊரில்.
வெள்ளி மாலை தரவுத்தளத்தில் கை வைக்காதே என்பது
எங்கள் அறையின் பழமொழி.
எதற்கும் இருக்கட்டும் என்று
சோதனைப் பிரதியில் முதலில் ஓட்டினேன்.

ஓட்டுமுன் எண்ணினேன். இறந்தோர் அட்டவணையில்
நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றாறு வரிசைகள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு நீங்கியது என்றது திரை,
பத்தொன்பது மில்லிநொடியில்.
மறுபடி எண்ணினேன்.
நாற்பத்தேழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

எண்ணூற்றுப் பதினைந்து பேரைக் காணவில்லை.

பிழைச் செய்தி ஒன்றும் இல்லை.
இடப்பக்கத் திரையில் ஒரு கோடும் நடுங்கவில்லை.
பச்சை, பச்சை, பச்சை.

“யெர்கோ, அயல்சாவியில் என்ன போட்டாய்?”
“கேஸ்கேட்” என்றான் தொலைபேசியில், வாய் நிறைய ரொட்டியோடு.
“வசதியாக இருக்குமே, இவானியா.”

அருவி என்று அர்த்தம் அந்தச் சொல்லுக்கு.
மேலே ஒருத்தி வாடகை கட்டவில்லை.
அவளைத் தள்ளிவிட்டால்
அவளைப் பற்றியிருந்த மாடம்,
மாடத்தைப் பற்றியிருந்த ஆள்,
ஆளைப் பற்றியிருந்த இரண்டு தேதிகள்,
ஒன்றின் காலை ஒன்று பிடித்தபடி விழும்.
உறவுசார் தரவுத்தளம் என்று பெயர் வைத்தவர்
இதை யோசித்துத்தான் வைத்தாரோ என்னவோ.

நல்லவேளை, கமிட் அடித்திருக்கவில்லை.
ரோல்பேக்.
எண்ணூற்றுப் பதினைந்து பேரும்
ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்கள்.

கேஸ்கேடைக் கழற்றி ரெஸ்ட்ரிக்ட் பூட்டினேன்.
மறுபடி ஓட்டம். இம்முறை முதல் ஆளிலேயே நின்றது.
சிவப்பு.
இந்த வரிசையை நீக்க இயலாது,
இன்னொரு வரிசை இதைச் சுட்டிக்கொண்டிருக்கிறது.
சிவப்பைப் பார்த்து இவ்வளவு ஆசுவாசம் எனக்கு வந்ததில்லை.

யாரென்று தேடினேன்.
குத்தகைதாரர் எடெல்மிரா ஒயார்சோ. கடைசித் தவணை 1998.
வடக்குச் சுவர், ஏழாம் அடுக்கு.
உள்ளே: பெண். வயது இரண்டு நாள்.
பெயர்: நல்.

பூஜ்யம் இல்லை அது. காலி இடமும் இல்லை.
தெரியாது என்பதற்கான குறி.
இதுவும் இன்னொரு நல்லும் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள்,
ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது.
கீழே அடுத்த வரிசையிலும் அப்படி ஒன்று.
அதற்கு மேல் நான் உருட்டவில்லை.

மேயர் அலுவலகத்துக்கு எழுதினேன்:
பட்டியல் தயாராகவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை
எண்ணூற்றுப் பதினைந்து பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.
அதை அழித்துவிட்டு,
தொழில்நுட்பக் காரணங்களால், என்று எழுதி அனுப்பினேன்.

கிளம்புமுன் கண்காணிப்பில் ஒரு விதி சேர்த்தேன்:
இறந்தோர் எண்ணிக்கை எப்போதாவது குறைந்தால்
எந்நேரமானாலும் என்னை எழுப்பு.

வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை.
கயிறு முழுக்க ஆட்கள்,
அலுவலகம் விட்ட கூட்டம், பள்ளிச் சீருடைகள்,
பறந்துபோகாமல் ஒரு கேக் பெட்டி.
இடம் கிடைக்கும்வரை
விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன்.