மஞ்சள் நத்தை

கல்லாவில் ஒரு வெற்றுக் காகிதக் குழல் வைத்திருக்கிறேன்.
துடைக்கும் தாள் தீர்ந்தபின் மிஞ்சியது.
எந்தக் காய் அதற்குள் நழுவுகிறதோ
அது சின்னத் தொண்டைக்குள்ளும் நழுவும்.
பெட்டியில் எந்த வயதைப் போட்டிருந்தாலும்
குழல் சொன்னால் சொன்னதுதான்.

பிர்னோவில் டிசம்பரென்றால் நாலரைக்கே இருட்டு.
டிராம் ஓட்டுநர் போகுமில்
சீருடையோடு வந்து நின்றார்.
மகளுக்கு இரண்டரை வயது.
எண்ணுவாளா?
"ஒன்று, இரண்டு, ஒன்பது."
நிறங்கள்?
"எல்லாமே நீலம்."

இது மெல்லிய அட்டை, கடித்துக் கூழாக்கிவிடுவாள்.
இதன் விதிகளைப் படித்து முடிப்பதற்குள்
அவள் தூங்கிவிடுவாள், அல்லது நீங்கள்.
மணல்கடிகாரம் வேண்டவே வேண்டாம்.
"நாலு பேர் இருந்தால்தான் ஆடமுடியுமோ?"
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இரண்டு பேர் போதும் என்றேன்.
அப்போதுதான் கையுறையைக் கழற்றினார்.

ஆறு மர நத்தைகள், வண்ணம் பூசிய பகடை.
ஒவ்வொன்றாய்க் குழலில் வைத்துப் பார்த்தோம்.
ஒன்றும் நுழையவில்லை.

திங்கட்கிழமை மறுபடி வந்தார்.
ஆட்டம் தொடங்கவே இல்லையாம்.
பகடை அவள் சட்டைக்குள் போய்விட்டதாம்,
நத்தைகளைப் படுக்கவைத்துக்
கைக்குட்டை போர்த்தினாளாம்.
மஞ்சளை மட்டும் காணோம்,
தனியாக ஒன்று கிடைக்குமா?

பணம் எடுக்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்டவர்
அப்படியே நின்றார்.

காலை ஷிப்டு முழுக்க
ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
ஏழு முறை போய்வந்திருக்கிறது.

அவர் போனபின் இன்னொரு பெட்டியைப் பிரித்து
விதித்தாளைப் பார்த்தேன்.
முதலில் எல்லையைத் தொடும் நத்தைக்கு வெற்றி.
எந்த எல்லை என்று
எங்கேயும் எழுதவில்லை.