சோதனை வரி

ஏதென்ஸிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள்.
நான்கு பிளாஸ்டர் தூண்கள்,
ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி,
சுங்கத் தாளில் ‘துணி’ என்று எழுதப்பட்ட
ஒரு தேசியக் கொடி.

மனாமாவில், கடலைத் தூர்த்துக் கட்டிய அரங்கு.
மேலே கண்ணாடிக் கூண்டில் நான்.
கீழே அவர்கள் கிரேக்கம் பேசப் பேச
திரையில் அரபியும் ஆங்கிலமும் விழ
பட்டன் அழுத்துவது என் பிழைப்பு.

எனக்குக் கிரேக்கம் தெரியாது.
ஒரு பெருமூச்சு, நாற்காலி இழுபடும் சத்தம்,
பிறகு ‘ஓஹி’ என்றால்
நாற்பத்தேழாம் வரி.
ஓஹி என்றால் இல்லை.
நே என்றால் ஆமாம்.
இந்தி கேட்டுப் பழகிய காதில்
அந்த ஆமாம், மறுப்பு போலவே விழும்.

கதை இதுதான்:
அருங்காட்சியகத்துச் சிலையிடம்
நகராட்சி எழுத்தர் குடியுரிமைச் சான்று கேட்கிறார்.
தகப்பன் பெயர்?
சுத்தியல்.
பிறந்த இடம்?
மலை.
நிரந்தர முகவரி?
கால் லண்டனில். மூக்கைத் தேடுகிறார்கள்.
ஒத்திகையில் நானும் சிரித்தேன், ஆங்கிலத்தைப் படித்து.

சிலையாக நின்றவன் எர்வின்.
ஏதென்ஸில் பிறந்தவன், அல்பேனியத் தாய் தகப்பனுக்கு.
ஏசி வெந்நீராய்ச் சொட்டும் பின்கட்டில்
சிகரெட்டைப் பாதியாக்கிக் கொடுத்தான்.
‘வகுப்பில் முதலாவது வருகிறவன்
அணிவகுப்பில் கொடி பிடிக்க வேண்டும்.
முதலாவது வந்தேன்.
அந்த வருடம் இரண்டாவது வந்தவன் பிடித்தான்.’

நான் அப்பாவைச் சொன்னேன்.
பொகவந்தலாவையில், லயத்தில் பிறந்தவர்.
இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பேசினார்கள்.
இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு,
இத்தனை லட்சம் எங்களுக்கு,
மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.
அப்பா மிச்சம்.

எர்வின் சிரிக்கவில்லை.
பிறகு பார்த்தார்களா, என்றான்.

கடைசிக் காட்சி, கடைசி இரவு.
முன்வரிசையில் தூதரகத்தார், வாசனை, வெண் அங்கிகள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி:
நான் இந்த மண்ணின் கல்.
விரல் பட்டனில்.
அவன் அதைச் சொல்லவில்லை.
புறங்கையால் உதட்டுச் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு
வேறேதோ பேசத் தொடங்கினான்.
நேயும் இல்லை ஓஹியும் இல்லை.
வீட்டில், சமையலறையில், குரலை உயர்த்தாமல் பேசுகிற
ஏதோ ஒன்று.

எனக்கு எண்ணிக்கை தவறியது.
பின்னால் போனேன், முன்னால் போனேன்,
எதையோ அழுத்தினேன்.
பட்டியல் தலைமாட்டுக்குத் தாவியது.
முதல் நாள் எழுத்துரு பார்க்க
நானே அடித்து வைத்த துண்டு
முப்பது அடி அகலத்தில்
அவன் தலைக்கு மேல் எரிந்தது:

சோதனை சோதனை
ஒன்று இரண்டு மூன்று

அவன் பேசி முடிக்கும்வரை எரிந்தது.
தூதரகத்தார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

அந்த அரங்கில் அதைப் படிக்கத் தெரிந்தவர்
வாசல் காவலர் சித்திரவேல் மட்டும்.
அறந்தாங்கிக்காரர். படியேறி வந்தார்.
‘என்னண்ணே, அந்தாளை நிக்கவச்சு
என்ன சோதனை போடுறாங்க?
ஏர்போர்ட்டா? பேப்பர் இல்லையாமா?’
ஆமாம் என்றுதான் சொன்னேன்.
‘பாவம்,’ என்றார், ‘மேலெல்லாம் மாவு வேற.’

பின்னாலேயே இயக்குநர் ஸ்தாவ்ரூலா.
வேலை போச்சு என்று
கழுத்து அட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தேன்.
அவள் திரையைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்:
அது என்ன மொழி?
சொன்னேன்.
கவிதையா?

மைக் சரிபார்ப்பதற்கும்
பெட்டியைத் திறந்து கொட்டச் சொல்வதற்கும்
அடியாரைத் தெய்வம் படுத்தும் பாட்டுக்கும்
எங்களிடம் ஒரே சொல்தான் என்று
எந்த மொழியில் அவளுக்கு விளக்க?

‘நே,’ என்றேன்.

மறுநாள் எடை கூடி
ஒரு தூணை விட்டுப் போனார்கள்.
குதைபியாவில், ஆறு பேர் படுக்கும் எங்கள் அறையில்
அதன் மேல் ரைஸ் குக்கர் இருக்கிறது.
இரவில் விளக்குப் போடாமல் கடப்பதால்
உரசிக்கொண்டுதான் போகிறோம்.
யார் உரசினாலும்
வெள்ளை ஒட்டுகிறது.