இரண்டு மேகம் குறைவு

எங்கள் பட்டறையில் எனக்கு மேகம்தான் வேலை.
கூரையைக் கழற்றி எறிந்துவிட்டு
வானத்திலிருந்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல்
வரைவார் தோஹெய்.
தூண், பாய், திரை. திரைக்குப் பின்னால்
பன்னிரண்டு அடுக்கு உடுத்திய ஒருத்தி.
கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி.
அறுநூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனைக் கதை:
பிரபு வருவான், கவிதை எழுதி நீட்டுவான்,
விடியுமுன் போய்விடுவான்.
ஒரு கோட்டுக்குள் அழுகை எங்கே என்று கேட்கக்கூடாது.
கூந்தல் விழுந்த விதத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்ச இடமெல்லாம் நான்.
பசை தடவி, மூச்சை அடக்கி,
மூங்கில் இடுக்கியில் தங்க ரேக்கு எடுத்து
ஒரு மேகம், இன்னொரு மேகம்.
தோஹெய்க்கு வரைய வராத மூலைகள் எத்தனை என்று
கியோத்தோவிலேயே எனக்குத்தான் கணக்குத் தெரியும்.

மழை பிடித்த மாதத்தில் வந்தான்
அரிசித் தரகன் ஹரிமாயா.
மகள் கல்யாணத்துக்கு ஆறு மடிப்புத் திரை, ஒரு ஜோடி.
"நெல் விலை படுத்துவிட்டது.
இரண்டு மேகம் குறைத்துக்கொள்ளுங்கள்."

குறைத்தால் கீழே என்ன இருக்கும்?
கதையைப் புரட்டினோம். ஒன்றும் இல்லை.
எழுதிய கைக்கும்
அந்த இடத்தில் மேகம்தான் போலிருக்கிறது.

தோஹெய் சாப்பிடப் போன நேரம்
வேலிக்கு வெளியே ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினேன்.
பிரபு உள்ளே இருக்கும் இரவெல்லாம்
யாராவது மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.
ஏர்க்காலில் சாய்ந்து ஒருத்தன் தூங்குகிறான்.
செருப்பில் ஒன்று குப்புற.
கோடும் கொக்கியும் பிரபுக்களின் சொத்து,
வண்டிக்காரனுக்கு முழு முகம் போடலாம்.
போட்டேன்:
மரு, புடைத்த மூக்கு, பிளந்த வாய்,
முன்பல் ஒன்று இல்லை.
மாடு மட்டும் விழித்திருக்கிறது.

தோஹெய் கை துடைத்துக்கொண்டு வந்து
நெடுநேரம் நின்றார்.
"கதையில் இவன் இல்லையே, நுயி."
"அந்த ராத்திரி இருக்கிறதே" என்றேன்.
பதில் இல்லை. மெல்லிய தூரிகையை எடுத்து
திரைக்குப் பின்னால் இருந்தவளின் கண்கோட்டை
ஒரு மயிரிழை நீட்டினார்.
அவள் வண்டிப் பக்கம் பார்த்தாள்.
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மறுநாள் பசை காய்ச்சும் மோசாக்கு
சட்டியோடு வந்து எட்டிப் பார்த்து
"என் மூக்கு இவ்வளவு பெரிசா?" என்றான்,
பல் போன இடத்தை நாக்கால் தடவியபடி.

ஹரிமாயா எதையும் கவனிக்கவில்லை.
திரையின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்து
மேகங்களை மட்டும்
விரல் விட்டு எண்ணினான்.