இன்னொரு கதிரை

களுவாஞ்சிகுடிப் பிரதேச செயலகத்தில்
நான் முதலில் கேட்டது நியாயம் இல்லை,
ஒரு கதிரை.
மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று கிடந்தன:
தங்கைக்கு, தங்கையின் கணவருக்கு, எனக்கு.
யாருடைய வீட்டைப் பற்றிப் பேச வந்தோமோ
அந்தத் தவமலர்
தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி
கதவடியில் நின்றாள்.

கதிரை வந்தது. ஒரு கால் கட்டை.
பழைய படிவமொன்றை மடித்து அடியில் வைத்தேன்.

"வயது?"
அலுவலர் என்னைப் பார்த்துக் கேட்டார்.
நான் தவமலரைப் பார்த்தேன்.
"அவவுக்கு விளங்குமா?"
"அவவிட்டயே கேளுங்க சேர்."
குரலை உயர்த்திக் கேட்டார்.
அவள் காதில் ஒரு குறையும் இல்லை.

குருமண்வெளித் துறையில் நின்று
மண்டூரிலிருந்து வரும் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா?
அசைகிறதா இல்லையா என்றே தெரியாது.
வந்துவிடும்,
சைக்கிளும் நெல்மூட்டையும் ஆட்களுமாக.
அவள் பேச்சு அப்படி.
மூன்றாவது கேள்விக்கு அவர் போய்விட்ட பிறகு
முதல் கேள்விக்கு விடை கரைதட்டியது:
"நாப்பத்தொண்டு."

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு.
மூத்தவளென்றால் மூத்த வீடு.
அம்மா உறுதி முடித்த நாளில்
இவளுக்கு விளங்குமா என்று யாரும் கேட்கவில்லை.
அம்மாவின் முப்பத்தொன்று முடிந்ததும்
எல்லோரும் கேட்கத் தொடங்கினார்கள்.

தங்கையின் கணவர் கெட்டவர் இல்லை.
வரும் வழியில் இவளுக்கு மாரி பிஸ்கட் வாங்கியவர்.
"மட்டக்களப்பில நல்ல இல்லம் ஒண்டு இருக்கு மிஸ்,
மூணு நேரமும் சாப்பாடு" என்றார்.
தங்கை கைக்குட்டையை மடித்தாள், விரித்தாள்,
மறுபடி மடித்தாள்.

என் கோப்பில் எல்லாம் தயார்.
'வீடு என் பெயரிலேயே இருக்க விரும்புகிறேன்.'
போன கிழமை நான் எழுதிய வாக்கியம்.
வாசித்துக் காட்டியபோது தலையாட்டினாள்.
இல்லத்துக்கும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறாள்;
அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

மின்விசிறி இரண்டு முறை நின்று சுழன்றது.
அலுவலரின் கண் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போய் வந்தது.
பிறகு அவள் சொன்னாள்:
"வீடு... தங்கச்சி எடுக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன்.
என் முழங்காலில் கை வைத்தாள்.
"நீங்க சும்மா இருங்க மிஸ்."

"முன்னறை எனக்கு."
நெடுநேரம்.
"சாவி எனக்கு.
கோழிய விக்கப்படாது.
நான் எங்கயும் போகமாட்டன்."

என் வாக்கியத்தை நானே வெட்டினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, பொய் சொல்வானேன்,
கோபம்.
முன்னறை எத்தனை நாளைக்கு?
சாவியை யாராவது வாங்கி வைத்தால்?
உயிருள்ளவரை அந்த அறை அவளுக்கென்று
உறுதியிலேயே எழுதலாம் என்பதை
அவளுக்கு விளங்கும் சொல்லில்,
தங்கை பக்கத்தில் இல்லாத நேரம்
சொல்ல வேண்டும். கேட்க வேண்டும்.
அதற்கு இன்னொரு நாள் கேட்டேன்.
பங்குனி பதினாலு தந்தார்கள்.

பெருவிரலுக்கு மை தள்ளினார் எழுதுவினைஞர்.
அவள் மையைத் திருப்பித் தள்ளிவிட்டுப்
பேனையைக் காட்டினாள்.
த. வ. ம.
'ல'வின் சுழியில் நின்று யோசித்தாள்.
நான்கு பேர் காத்திருந்தோம்,
அரச அலுவலகமொன்றில்
அவளுக்காக.

கல்முனை பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு.
"இவ எங்க இறங்குறா?"
நடத்துநர் என்னைத்தான் கேட்டார்.
நான் வாவியைப் பார்த்தேன்.
அவர் பொறுக்காமல் பின்னுக்குப் போனார்.
"ஓந்தாச்சிமடம்" என்று அவள் சொல்லி முடித்தபோது
பஸ் பாலத்தில் ஏறியிருந்தது.

கோட்டைக்கல்லாற்றில் இறங்கித்
திரும்பி நடந்தோம், உச்சி வெயிலில்.
பாலத்தின் நடுவில் நின்று
போத்தலை என்னிடம் நீட்டினாள்.
சிரிப்பு முதலில் வந்தது,
சொல் பிறகு:
"நீங்க சொல்லியிருக்கலாமே மிஸ்."